‘என் தாத்தா என்ன குற்றம் செய்தார்?’ குற்றப் பரம்பரைச் சட்டம் பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

நீங்கள் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். உங்கள் தாத்தா ஒரு சம்சாரி, எந்தத் திருட்டு வழக்கிலும் அவர் பெயர் வந்ததில்லை. ஆனாலும் அவருடைய வாலிப வயதில், பொழுது சாய்ந்தால் ஸ்டேஷனுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு அங்கேயே படுத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்று அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். ‘அவர் என்ன குற்றம் செய்தார்? ஒரு கோர்ட்கூட இதைத் தடுக்கவில்லையா? அந்தச் சட்டம் இப்போது முழுசாகப் போய்விட்டதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். தாத்தாவைப் பற்றிக் கேட்டாலும், குற்றம் என்று எதைச் சொல்வது, அதை யார் முடிவு செய்வது, அந்த முடிவைச் சரிபார்க்க யாருக்கு உரிமை என்பதுதான் உங்கள் கேள்வியின் அடியில் இருக்கிறது. நான் மதுரை வட்டாரத்தில் பல வருடங்களாகக் கிரிமினல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞன். வரலாறு என் துறை இல்லை. சட்டம் எப்படி எழுதப்பட்டது, ஒரு ஆளின் மேல் அது எப்படி வந்து விழுந்தது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். அதற்கு அப்பால் உள்ளதை என் கருத்தாகவே சொல்கிறேன்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: அவர் எந்தக் குற்றமும் செய்திருக்கத் தேவையில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் இயங்குவதற்கு ஒரு குற்றம் நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. இது எவ்வளவு பெரிய விலகல் என்பது புரிய, அதே காலத்து மற்றச் சட்டங்களைப் பார்க்க வேண்டும். இந்திய தண்டனைச் சட்டம் 1860-இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் கொலை, திருட்டு, கொள்ளை எதை எடுத்தாலும் ‘எவரொருவர் இன்னதைச் செய்கிறாரோ’ என்றுதான் பேசும். முதலில் ஒரு செயல் நடக்க வேண்டும். அதன் பின்னால் ஒரு மனநிலை இருக்க வேண்டும். இரண்டையும் அரசு நிரூபிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் எந்த ஊர், எந்தச் சாதி, அவருடைய அப்பா எப்படிப்பட்டவர் என்பதற்கு அங்கே வேலையே இல்லை.

இந்த வழியிலிருந்து விலகுவதற்கு முன்மாதிரி ஒன்று ஏற்கெனவே இருந்தது. தக்கர்கள் எனப்பட்ட வழிப்பறிக் கும்பல்களை ஒடுக்குவதற்காக 1836-இல் கம்பெனி அரசு கொண்டுவந்த சட்டம், ஒருவர் அப்படி ஒரு கும்பலைச் சேர்ந்தவராக எப்போதாவது இருந்தார் என்று நிரூபித்தாலே ஆயுள் சிறை என்றது. அவர் கையால் என்ன செய்தார் என்று காட்ட வேண்டியதில்லை. ஆனால் அங்கேகூட ஒரு விசாரணை இருந்தது, அந்த ஆள் அந்தக் கும்பலில் இருந்தார் என்று சாட்சி வர வேண்டியிருந்தது. 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் அந்தப் படியையும் எடுத்துவிட்டது. ஒரு குலமோ, கும்பலோ, ஒரு வகை மக்களோ ஜாமீனில் விட முடியாத குற்றங்களைத் தொடர்ந்து செய்வதையே வழக்கமாக வைத்திருக்கிறார்கள் என்று மாகாண அரசு ‘நம்பக் காரணம் இருந்தால்’ போதும். கவர்னர் ஜெனரலின் ஒப்புதலோடு கெஜட்டில் ஒரு அறிவிக்கை வரும். அன்றிலிருந்து அந்தச் சமூகத்தில் பிறந்தவர் எவரையும் பதிவேட்டில் ஏற்றலாம். சட்டமன்ற விவாதத்தில் இதற்குச் சொன்ன நியாயத்தைத் தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: இந்தியாவில் தச்சர் மகன் தச்சர், நெசவாளர் மகன் நெசவாளர், அதுபோலத் திருடுவதும் ஒரு குலத்தொழில். அதாவது நம் சாதி முறையைத் தங்களுக்குத் தெரிந்த அளவில் புரிந்துகொண்டு, அதையே ஆதாரமாக வைத்தார்கள்.

அப்போது வைஸ்ராயின் சபையில் சட்ட உறுப்பினராக இருந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். இதே ஸ்டீபன்தான் அடுத்த ஆண்டு, 1872-இல், இந்திய சாட்சியச் சட்டத்தை எழுதினார். நாங்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கோர்ட்டில் கையில் வைத்துக்கொண்டிருந்த சட்டம் அது. ஒருவரின் கெட்ட பெயரை அவருக்கு எதிரான சாட்சியமாகக் கொண்டுவரக் கூடாது என்ற விதி அதில் இருந்தது. அவரே தன்னுடைய நல்ல குணத்தை முன்வைத்தால்தான் அந்தப் பேச்சே எடுக்கலாம். ஒரு தனி மனிதனின் கெட்ட பெயரே அவனுக்கு எதிராக வரக் கூடாது என்ற அதே ஆட்சி, ஒரு சமூகத்தின் பெயரை வைத்து அதில் பிறந்த ஒவ்வொருவரையும் கட்டிப்போட்டது. இரண்டு சட்டங்களுக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்து மாதம்தான் இடைவெளி. சட்டக் கல்லூரியில் சாட்சியச் சட்டத்தை ஒரு முழுப் பாடமாகப் படித்தோம். 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி ஒரு வகுப்புகூட நடந்ததாக எனக்கு நினைவில்லை. இது இன்றும் எனக்கு வருத்தம் தருகிற விஷயம்.

இங்கிலாந்திலும் அந்தக் காலத்தில் பழக்கக் குற்றவாளிகளைப் பற்றிய பயம் இருந்தது. 1869-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதில் போலீஸ் கண்காணிப்புக்குள் வந்தவர்கள் ஏற்கெனவே கோர்ட்டில் தண்டனை பெற்றவர்கள். கண்காணிப்புக்கு அடிப்படை அந்த ஆளுடைய சொந்தத் தண்டனை. இங்கே வந்தபோது அந்த அடிப்படை பிறப்பாக மாறியது. ஒரே அரசு, ஒரே காலம், தன் நாட்டு ஏழைக்கு ஒரு அளவுகோல், ஆளப்படுகிறவனுக்கு இன்னொன்று.

ஏன் மாறியது என்று கேட்டால், ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு நாடோடிகள் மேல் அரசுக்கு வந்த சந்தேகம் ஒன்று. ஓரிடத்தில் நிற்காத மக்களிடம் வரி வசூலிக்கவும் முடியாது, அவர்களைக் கணக்கில் வைக்கவும் முடியாது. காடு அரசுடைமை ஆனபோது அதை நம்பிப் பிழைத்தவர்கள் ஒரே நாளில் அத்துமீறியவர்கள் ஆனார்கள். குறவர் சமூகத்தின் கதை இன்னும் தெளிவானது. கடற்கரையிலிருந்து உப்பை மாட்டிலும் கழுதையிலும் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய், தானியத்துக்கு மாற்றிக்கொண்டு வருவது அவர்களில் பெரும் பகுதியினர் செய்த வியாபாரம். அரசு உப்பைத் தன் ஏகபோகமாக வைத்துக்கொண்டது. ரயில் வந்து சுமை வியாபாரத்தைத் தின்றது. 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சம் மிச்சத்தை முடித்தது. பிழைப்பு போனவர்களில் சிலர் திருடினார்களா என்றால், திருடியிருப்பார்கள். எந்தச் சமூகத்தில் பிழைப்பு போனாலும் அது நடக்கும். ஆனால் கெஜட் அறிவிக்கை உப்பு வரியைப் பற்றிப் பேசவில்லை, ரத்தத்தைப் பற்றிப் பேசியது.

1871-ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கத்தில் பஞ்சாப், அவத், வடமேற்கு மாகாணங்களில் நடைமுறைக்கு வந்தது. சென்னை மாகாணத்துக்கு அது வந்தது 1911-இல், புதிதாக எழுதப்பட்ட சட்டத்தின் வழியாக. அது வரும்போது முன்பைவிடக் கடுமையாக வந்தது. கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் தேவையில்லை, மாகாண அரசே அறிவிக்கலாம். விரல் ரேகை எடுப்பதும் சேர்ந்துகொண்டது. கல்கத்தாவில் 1897-இல் தொடங்கிய ரேகைப் பிரிவு அதற்குள் நன்றாக வேரூன்றியிருந்தது. அதனால்தான் நம் ஊர்களில் பழைய ஆட்கள் இதைக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று சொல்வதைவிட ‘ரேகைச் சட்டம்’ என்றே சொல்வார்கள். உங்கள் அப்பத்தாவும் அப்படிச் சொல்லியிருக்கலாம்.

உசிலம்பட்டி வட்டாரத்தில் வாழும் பிரமலைக் கள்ளர் சமூகத்தார் ஏன் இதில் வந்தார்கள் என்பதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். வெள்ளையர் போலீஸ் வருவதற்கு முன்பே அந்த வட்டாரத்தில் காவல் முறை இருந்தது. ஊர்க் காவலுக்குக் கூலி உண்டு. மாடு களவு போனால் துப்புச் சொல்லி மீட்டுத் தருவதற்குத் துப்புக்கூலி உண்டு. காவல் இல்லாத ஊரில் களவு நடக்கும் என்ற மிரட்டலும் அதில் கலந்திருந்தது. சென்னை மாகாணப் போலீஸ் 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட பிறகு, ஊரைக் காக்கும் அதிகாரம் தனக்கு மட்டும்தான் என்று அரசு சொன்னது. காவல் கூலி மிரட்டிப் பணம் பறிப்பதாகப் பெயர் மாறியது. 1896 வாக்கில் மதுரை, திண்டுக்கல் பக்கம் மற்றச் சாதிக் குடியானவர்கள் ‘பண்டு’ என்று பொதுநிதி சேர்த்து, கள்ளர் காவலை ஒழிக்க இயக்கமே நடத்தினார்கள். அவர்களுடைய கோபம் பொய்யில்லை. துப்புக்கூலி கொடுத்துத் தன் மாட்டையே திரும்ப வாங்கிய குடியானவனுக்கு அது நியாயமான கோபம். ஆனால் அந்தக் கோபத்துக்கு அன்றைய தண்டனைச் சட்டத்திலேயே வழி இருந்தது. திருட்டுக்குப் பிரிவு உண்டு, மிரட்டிப் பறிப்பதற்குப் பிரிவு உண்டு, திருட்டுப் பொருளை வைத்திருப்பதற்கும் பிரிவு உண்டு. ஆளைப் பிடித்து, சாட்சி வைத்து, நிரூபிக்க வேண்டும். அந்தக் கஷ்டமான வேலையைச் செய்ய முடியாத போலீஸுக்குக் கிடைத்த குறுக்குவழிதான் இந்தச் சட்டம்.

சட்டம் ஒரு ஆளின் மேல் எப்படி வந்து விழும் என்று சொல்கிறேன். முதலில் சமூகத்தை அறிவிக்கும் கெஜட். அடுத்து, இன்ன கிராமத்துக்காரர்கள் இன்ன நாளில் வந்து பதிவு செய்ய வேண்டும் என்று நோட்டீஸ். கிராம முன்சீப், கர்ணம் எல்லோரும் ஆள் அடையாளம் சொல்லக் கடமைப்பட்டவர்கள். பெயர், அப்பா பெயர், அங்க அடையாளம், பத்து விரல் ரேகை. அது முடிந்ததும் அவர் பதிவு செய்யப்பட்டவர். அவர்மேல் இரண்டு வகைக் கட்டுப்பாடுகள் வரும். ஒன்று, குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் ஆஜராவது. இன்னொன்று, இருக்கும் இடத்தையும் போகும் இடத்தையும் தெரிவிப்பது. நம் பக்கத்தில் முதலாவது, ராத்திரி ஸ்டேஷனிலோ ஊர்ச் சாவடியிலோ போய்ப் படுப்பதாக நடந்தது. இரண்டாவது, ‘ராதாரிச் சீட்டு’ வாங்குவதாக நடந்தது. மாமனார் வீட்டுக்குப் போகவும் சீட்டு, சந்தைக்குப் போய் ராத் தங்கவும் சீட்டு, இழவு வீட்டுக்கும் சீட்டு. போய்ச் சேர்ந்த ஊரில் அதைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவர வேண்டும். புதிதாகக் கல்யாணமானவன் சாவடியில் படுத்திருக்க, பெண்டாட்டி பிள்ளைகள் காவலில்லாத வீட்டில் கிடந்தார்கள். அந்த நேரத்தில் எவன் வந்து என்ன செய்தாலும் கேட்க ஆளில்லை. உங்கள் அப்பத்தா இந்தப் பகுதியைச் சொல்லியிருக்க மாட்டார். அந்தத் தலைமுறைப் பெண்கள் பலர் சொன்னதில்லை.

ஆஜராகத் தவறினால், சீட்டு இல்லாமல் பிடிபட்டால், அதுவே தண்டனைக்குரிய குற்றம். இங்கே கவனியுங்கள். எந்தக் குற்றமும் செய்யாதவரைப் பதிவு செய்கிறார்கள். பதிவு செய்ததால் புதிய விதிகள் வருகின்றன. காய்ச்சலில் படுத்ததால் ஒரு ராத்திரி தவறினால் அவர் விதியை மீறியவர். இப்போது அவர்மேல் உண்மையிலேயே ஒரு தண்டனை இருக்கிறது. அந்தத் தண்டனைகளைக் கூட்டிக் காட்டி, இந்தச் சமூகம் எவ்வளவு குற்றம் செய்கிறது பாருங்கள் என்று ஆண்டறிக்கை எழுதலாம். திருட்டு போன்ற குற்றங்களுக்குத் தண்டனையும் மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிட அதிகம். பதிவு செய்யப்பட்ட ஒருவர் இரண்டாவது முறை தண்டிக்கப்பட்டால் ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை, மூன்றாவது முறை ஆயுளுக்கும் நாடு கடத்தல். 1924-இல் சட்டத்தை ஒன்று சேர்த்து மறுபடி எழுதியபோதும் இது மாறவில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி: கோர்ட் ஏன் தடுக்கவில்லை? தடுக்க முடியாதபடி சட்டத்தையே எழுதிவிட்டார்கள் என்பதுதான் பதில். எந்தக் கோர்ட்டும் அந்த அறிவிக்கையின் செல்லுபடியைக் கேள்வி கேட்கக் கூடாது, அறிவிக்கை வந்ததே அது சட்டப்படி வந்தது என்பதற்கு முடிவான சான்று என்று ஒரு பிரிவு இருந்தது. முடிவான சான்று என்றால் அதை மறுக்க எந்தச் சாட்சியத்தையும் கோர்ட் வாங்காது. என்னைப் போன்ற ஒரு வழக்கறிஞர் அன்று உங்கள் தாத்தாவுக்காக எழுந்து நின்றிருந்தால் என்ன வாதாடியிருக்க முடியும்? ‘இவர் திருடியதில்லை’ என்று சொன்னால், திருடினார் என்று யாரும் சொல்லவில்லையே என்பார்கள். ‘இந்த ஊரில் பாதிப் பேர் விவசாயிகள்’ என்றால் அது கெஜட்டைக் கேள்வி கேட்பது, அனுமதி இல்லை. பதிவில் தன்னைச் சேர்த்தது தவறு என்று மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் முறையிட வழி இருந்தது. அந்த மாஜிஸ்திரேட் யார் என்றால், கலெக்டர். வரி வசூல், நிர்வாகம் எல்லாம் அவர் கையில். போலீஸும் அவர் மேற்பார்வையில். சாதாரணக் கிரிமினல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இருக்கும் பெரிய பலம், ‘நீ நிரூபி’ என்று அரசைப் பார்த்துச் சொல்ல முடிவது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல உங்கள் தாத்தாவுக்கு இடம் இல்லை.

கோர்ட் வழி அடைபட்டபோது மக்கள் தங்கள் வழியில் மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று ஊரே நின்றது. போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர் மாயக்காள். ஜாலியன்வாலா பாக் நடந்து ஏறக்குறைய ஓராண்டு ஆகியிருந்தது. அதைப் பற்றி நம் பிள்ளைகள் படிக்கிறார்கள், படிக்கத்தான் வேண்டும். பெருங்காமநல்லூரையும் அதே பக்கத்தில் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அந்தக் காலத்தில் மதுரையில் இருந்த வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப், செங்கன்னூரில் பிறந்த மலையாளி, அந்த மக்களுக்காகத் தொடர்ந்து நின்றார். கோட்டில் ரோஜாப்பூ வைத்திருப்பாராம், அதனால் அவர்களுக்கு அவர் ‘ரோசாப்பூ துரை’. பிள்ளைகளுக்கு அந்தப் பெயரையே வைத்தவர்கள் உண்டு. பின்னால் முத்துராமலிங்கத் தேவர் உட்படப் பலர் இந்தச் சட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார்கள். சட்டம் கோர்ட்டில் சாகவில்லை, அரசியலில்தான் செத்தது.

அரசு தண்டிக்க மட்டும் செய்யவில்லை, சீர்திருத்தவும் முயன்றது என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரே மாதிரி உண்மை இல்லை. ஒரு பக்கம் குடியேற்றங்கள். அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூர்ப் பகுதியில், எருகுலர் சமூகத்தாருக்காக ஸ்டூவர்ட்புரம் என்ற குடியேற்றத்தை உண்டாக்கினார்கள். கவர்னர் சபையில் இருந்த ஹெரால்ட் ஸ்டூவர்ட் பெயரில் அமைந்த ஊர், நடத்தியது சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பு. வெளியே போக அனுமதி வாங்க வேண்டும், உள்ளே கட்டாய உழைப்பு. அருகில் சீராலாவில் இருந்த புகையிலைத் தொழிற்சாலைக்கு அங்கிருந்து ஆட்கள் போனார்கள். குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கவும் 1897-ஆம் ஆண்டுத் திருத்தம் ஏற்கெனவே வழி செய்திருந்தது. குற்றம் ரத்தத்தில் வருகிறது என்று நம்பியவர்கள், பிரித்து வளர்த்தால் மாறும் என்றும் நம்பினார்கள். இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இன்னொரு பக்கம் நம் பகுதியில் கள்ளர் சீரமைப்புத் துறை. பள்ளிக்கூடம், விடுதி, கூட்டுறவுச் சங்கம், கிணறு வெட்டக் கடன். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. அங்கே படித்து வந்த வழக்கறிஞர்கள் என்னோடு அதே வழக்கறிஞர் சங்கத்தில் இருக்கிறார்கள். அந்தப் பள்ளிகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒரு சமூகத்துக்குப் பள்ளிக்கூடம் கொடுக்க அதை முதலில் குற்றவாளி என்று அறிவித்திருக்கத் தேவையில்லை.

சட்டத்தால் குற்றம் குறைந்ததா? அன்றைய நிர்வாக அறிக்கைகள் குறைந்தது என்று சொல்லும். அந்த எண்ணிக்கையை எழுதியது சட்டத்தை நடத்திய அதே துறை என்பதால் நான் அதை ஒரு தரப்பு வாக்குமூலமாக மட்டுமே எடுத்துக்கொள்வேன். ஆண்கள் எல்லோரையும் ராத்திரி அடைத்து வைத்தால் சில ராத்திரிக் களவுகள் குறையத்தான் செய்யும். எந்த ஊரின் ஆண்களை அடைத்தாலும் குறையும். அது அந்த மக்களைப் பற்றி எதையும் நிரூபிக்காது. பழி முழுவதும் வெள்ளையர் தலையில்தானா என்றால், அங்கே என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். சட்டம் அவர்களுடையது, பொறுப்பும் அவர்களுடையது. ஆனால் ஆளைக் காட்டிக் கொடுத்ததும், யார் பெயர் ஏற வேண்டும், யாரை விடலாம் என்று காதில் ஓதியதும் உள்ளூர் அதிகாரம் படைத்தவர்கள். சீட்டுக்குக் காசு வாங்கியதும் உள்ளூர் ஆட்கள்தான். அதேபோல, அன்று அடிபட்ட ஒரு சமூகம் இன்று சில ஊர்களில் தனக்குக் கீழே என்று நினைக்கிறவர்களை ஒடுக்குகிற வழக்குகளையும் நான் கோர்ட்டில் பார்க்கிறேன். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது. அன்றும் குறவர், ஒட்டர் போன்ற, நிலமோ ஆள்பலமோ இல்லாத சமூகங்கள் இதே சட்டத்தில் கிடந்தன. அவர்களுக்காகப் பேச அரசியல் மேடை கிடைத்தது மிகவும் குறைவு.

மூன்றாவது கேள்வி: சட்டம் போய்விட்டதா? பெயரளவில் போய்விட்டது. சென்னை மாகாணம் 1947-இல் ரத்து செய்தது. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையிலான விசாரணைக் குழு நாடு முழுவதற்கும் பரிந்துரைத்த பிறகு, 1952 ஆகஸ்ட் 31 முதல் இந்தியா முழுவதும் ரத்து. அதனால்தான் சீர்மரபினர், அதாவது அந்தச் சட்டத்தில் முன்பு அறிவிக்கப்பட்ட சமூகத்தார், ஆகஸ்ட் 31-ஐத் தங்கள் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள், மற்றவர்களுக்குக் கிடைத்து ஐந்து ஆண்டு கழித்து. ஆனால் சென்னை மாகாணத்தில் ரத்தான அடுத்த வருடமே, 1948-இல், அங்கே பழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. மற்ற மாநிலங்களும் அதே வழியில் போயின. இதில் ஒரு உண்மையான முன்னேற்றம் உண்டு. பிறப்புக்குப் பதிலாகத் தனி ஆள் பெற்ற தண்டனை அளவுகோல் ஆனது. அதை ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஆனால் பதிவேடு, ஆஜராவது, இருப்பிடம் தெரிவிப்பது என்று கருவிகள் அதேதான். அவற்றைக் கையாண்ட ஸ்டேஷன்களும் அதேதான். முதலில் யாருடைய பெயர் எழுதப்படும் என்று கேட்க வேண்டியதே இல்லை. இப்படிப்பட்ட சட்டங்களை நீக்க வேண்டும் என்று ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு 2007-இல் இந்தியாவுக்குச் சொன்னது.

இன்று நான் தினமும் பார்க்கிற வடிவம் வேறு. ஸ்டேஷனில் ‘ஹிஸ்டரி ஷீட்’ திறப்பார்கள். ஊரில் அதற்கு ‘ரவுடி லிஸ்ட்’ என்று பெயர். திருவிழா வந்தால், தேர்தல் வந்தால், தலைவர்களின் குருபூஜை வந்தால், லிஸ்ட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107 முதல் 110 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 126 முதல் 129. வழக்கில் விடுதலை ஆன பிறகும் பெயர் லிஸ்ட்டில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அண்ணன் மேல் வழக்கு இருந்ததால் தம்பியையும் கூப்பிட்டு உட்கார வைத்ததைப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் இந்தப் பிணை விசாரணையை நடத்தும் அதிகாரத்தைப் போலீஸ் துணை ஆணையர்களுக்கே கொடுத்திருந்தார்கள். பிடிக்கிறவரே தீர்ப்பும் சொல்வது சட்ட விரோதம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் அதை ரத்து செய்தது. அப்புறம் 1982-ஆம் ஆண்டு குண்டர் தடுப்புச் சட்டம். விசாரணை இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். அந்தக் காவல் உத்தரவைச் சரிபார்க்கும் ஆலோசனைக் குழுவின் முன் வழக்கறிஞர் மூலம் வாதாட உரிமை இல்லை. ஆட்கொணர்வு மனு போட்டால் உயர் நீதிமன்றம் பல உத்தரவுகளை ரத்து செய்கிறது. ஆனால் அதற்குள் பல மாதம் போயிருக்கும்.

குண்டர் சட்டத்தையும் குற்றப் பரம்பரைச் சட்டத்தையும் ஒன்று என்று சொல்கிறேனா? இல்லை. இன்று அறிவிக்கையை, காவல் உத்தரவை, ஹிஸ்டரி ஷீட்டைக்கூட உயர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். அரசியல் சாசனம் திறந்துவிட்ட அந்தக் கதவு சாதாரண விஷயமில்லை. கண்காணிப்பு என்ற பெயரில் ராத்திரியில் வீட்டுக் கதவைத் தட்டும் அதிகாரம் போலீஸுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1962-இலேயே கரக் சிங் வழக்கில் சொன்னது. பின்தங்கிய, பட்டியல் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்பதற்காக அப்பாவிகளை இயந்திரம்போல ஹிஸ்டரி ஷீட்டில் ஏற்றக் கூடாது என்று 2024 மே மாதம் அமானத்துல்லா கான் வழக்கில் சொன்னது. அதே ஆண்டு அக்டோபர் 3-இல், சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றிய சுகன்யா சாந்தா வழக்கில், சீர்மரபினரைப் பழக்கக் குற்றவாளிகளாகப் பார்க்கும் சிறை விதிகளைக் கண்டித்தது. சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான கட்டத்தை நீக்கச் சொன்னது. சட்டம் ரத்தாகி 72 வருடம் கழித்தும் நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே உங்கள் கேள்விக்கு ஒரு பதில்.

திரும்பத் திரும்பக் குற்றம் செய்கிறவர்களைப் போலீஸ் கவனிக்கக் கூடாதா என்று கேட்பார்கள். கவனிக்க வேண்டும். மிரட்டலால் கடை மூடிய வியாபாரிகளுக்காகவும் நான் ஆஜராகியிருக்கிறேன், அவர்களுடைய பயம் எனக்குத் தெரியும். என் நிபந்தனை மூன்றுதான். ஏட்டில் ஏறும் ஒவ்வொரு பெயருக்கும் அந்த ஆளே செய்ததாகக் கோர்ட் ஏற்றுக்கொண்ட ஒரு செயல் இருக்க வேண்டும். பெயர் ஏறியது அவருக்குத் தெரிவிக்கப்பட்டு, அதை ஒரு நீதிபதி முன் மறுக்க வழி வேண்டும். ஒரு காலக்கெடுவுக்குப் பின் பெயர் தானாக நீங்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் போலீஸ் ஆளின் செயலை விட்டுவிட்டு ஆளையே பார்க்கத் தொடங்கும். அங்கிருந்து அவருடைய தெரு, அவருடைய சாதி என்று போக அதிக தூரம் இல்லை.

கடைசியாக உங்கள் தாத்தாவைப் பற்றி. அவருடைய ஊர் எந்த அறிவிக்கையில் வந்தது என்று பார்க்க விரும்பினால், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்து செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டையும் அரசாணைகளையும் கேளுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் 1911-க்கும் 1924-க்கும் இடைப்பட்டவற்றிலிருந்து தொடங்கலாம். அன்றைய தாலுகாப் பெயரைத் தெரிந்துகொண்டு போனால் தேடுவது சுலபம், ஏனென்றால் அந்தப் பகுதி அப்போது திருமங்கலம் தாலுகாவில் இருந்திருக்கலாம். அப்பத்தா உயிரோடு இருந்தால் அதற்கு முன் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த ஸ்டேஷன், எந்தச் சாவடி, சீட்டு யார் எழுதிக் கொடுத்தது, அதற்கு என்ன கொடுத்தார்கள், தாத்தா வீட்டில் இல்லாத ராத்திரிகளில் வீட்டுப் பெண்கள் எங்கே படுத்தார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். கெஜட்டில் இவை எதுவும் இருக்காது.